சேர்ந்து வாழக் கேட்டு ஒரு மனு

1

போன கப்பலில் வந்த தபாலில் கோமதியின் இன்லண்டு லெட்டர் இருந்தது. கோமதி எனக்குத் தங்கை முறை. நலம் விசாரிப்பு, மழை விவரம், மாமியாரின் முழங்கால் வலி என்று எல்லாப் பக்கத்தையும் நிரப்பிவிட்டு, ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, விவாகரத்து வாங்க என்ன செய்யணும்? யாருக்கும் தெரியாமல் எழுது."

அவளுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனால் எழுதி முடித்த பிறகு, ஊரில் இன்னும் எத்தனை கோமதிகள் இப்படி மடிப்புக்குள் எழுதிக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது. அதனால் இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன்; முறையையும் மாற்றியிருக்கிறேன். யாரும் கோவில்பட்டியில் கோமதியைத் தேட வேண்டாம்.

என் பெயரை மாற்றவில்லை. நான் செண்பகவல்லி. போர்ட் பிளேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பதினாறு வருஷமாக அந்தமானில் இருக்கிறேன். விவாகரத்து ஆகி ஐந்து வருஷம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இப்போது பழகிவிட்டது.

2

என் வீட்டுக்காரராக இருந்த சௌந்தரபாண்டியன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விவாகரத்து என்றதும் குடியா, அடியா, வேறு பொம்பளையா என்று மூன்று கேள்விகள் வரும். மூன்றுக்குமே 'இல்லை' என்பதுதான் பதில்.

அவருக்கு அந்தமானில் லாங் ஐலண்டு என்கிற தீவில் மரம் அளக்கிற குமாஸ்தா வேலை. கல்யாணமான இரண்டாம் மாசம் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுற்றிலும் கடல், நடுவில் காடு, காட்டிலிருந்து மரம் இழுத்து வரும் யானைகள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. கரிசல் காட்டில் மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த எனக்கு, கேட்காமலே கொட்டுகிற அந்த மழை பெரிய வேடிக்கையாக இருந்தது. நனைந்துகொண்டே தண்ணீர் பிடிப்பேன். அவருக்கோ அது வாதை. துணி காயவில்லை என்பார். மாத்திரைப் பெட்டியில்கூடப் பூசணம் என்பார். படகில் ஏறினால் இறங்குகிறவரை கண்ணை மூடிக்கொள்வார். தீவில் இருக்கிறவருக்குக் கடல் பயம் என்றால் எப்படிக் காலம் தள்ள முடியும்?

போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மரைன் ஹில்லில் குடியிருந்தோம். கலா பிறந்தாள். எனக்கு எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்று நான் சொன்ன முதல் நாள், ஊரே என்னிடம் வந்து வழி கேட்பதுபோல இருந்தது.

கலாவுக்கு மூன்று வயதாகும்போது அவர் ஒரு மாச லீவில் மெயின்லாண்டு போனார். இரண்டாம் மாசம் கடிதம் வந்தது. வேலையை விட்டுவிட்டாராம். அப்பாவின் இரண்டு ஏக்கரில் பருத்தி போட்டிருக்கிறாராம். "இங்கே துணி காய்கிறது. நீயும் கலாவும் வந்துவிடுங்கள்."

நான் எழுதினேன்: "இங்கே வேலை இருக்கிறது. நீங்கள் வந்துவிடுங்கள்."

இரண்டு வருஷம் இதே இரண்டு கடிதங்களைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

3

என் கேஸை எடுத்த குறுப்பு வக்கீலுக்குப் பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். அவர் தமிழில் மலையாளம் எட்டிப் பார்க்கும். பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்து நான் போனபோது ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"கல்யாணம் கழிஞ்சு எத்தனை வருஷம்?"

"ஏழு சார்."

"நல்லது. மூணு வருஷம் ஆகாமல் மனுவே கொடுக்கப் பற்றில்லா. அவருக்கு வேறு பெண் உண்டோ?"

"இல்ல சார்."

"மதம் மாறினாரா? சந்நியாசம் போனாரா? புத்திக்குச் சுகமில்லையா? தொழுநோய்?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார். நல்லா இருக்காரு."

"ஏழு வருஷமா உயிரோடே உண்டோன்னு தகவல் இல்லாமல் இருக்கா?"

"போன கப்பல்லகூட கலாவுக்குக் கருப்பட்டி மிட்டாய் அனுப்பியிருந்தாரு."

அவர் பேனாவை மூடினார். "அப்போ ஒரு காரணமும் இல்லா. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னு சொன்னா சட்டத்துக்கு அது காரணம் ஆகாது. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுறோம்னு சொன்னா அது அதைவிட மோசம். கூடிப் பேசி கோர்ட்டை ஏமாத்துறாங்கன்னு மனுவைத் தள்ளிடுவாங்க."

விட்டுப் போனது என்று ஒன்று உண்டே என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அவர் உங்களை வான்னு எழுதுறார். நீங்க அவரை வான்னு எழுதுறீங்க. யார் யாரை விட்டுப் போனதுன்னு ஜட்ஜ் யோசிக்கவே ஒரு வருஷம் வேணும்."

பிறகு யோசித்துச் சொன்ன வழி இதுதான். சேர்ந்து வாழ வரும்படி அவருக்கு உத்தரவிட வேண்டும் என்று நான் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். கோர்ட் உத்தரவு போட்டு, இரண்டு வருஷம் கழிந்தும் நாங்கள் சேரவில்லை என்றால், அப்போது விவாகரத்து கேட்கலாம். கடைசியாக நாங்கள் ஒன்றாக இருந்தது மரைன் ஹில் என்பதால் போர்ட் பிளேர் கோர்ட்டே போதும். ஊருக்குப் போய் அலைய வேண்டாம்.

"பிரியுறதுக்கு, சேர்ந்து வாழணும்னு கேக்கணுமா சார்?"

"அதே. ஆனால் ஒரு காரியம். பொய் எழுத நான் சம்மதிக்கில்லா. மனுவிலே நீங்க சத்தியம் பண்ணணும். நாளைக்கு அவர் பெட்டியோடே வந்து நின்னால், கூட வாழுமோ? வீட்டுக்குப் போய் ஆலோசிச்சுட்டு வாங்க."

இரண்டு நாள் யோசித்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒருவர் கேட்ட நம்பருக்குப் பதில் வேறொருவருக்கு இணைப்புக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். அவர் வந்து நின்றால்? நின்று, "சரி செண்பகம், இருக்கேன்" என்றால்? கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு ஏதோ. அவர் காபி குடிக்கும்போது டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது நினைவு வந்தது.

மூன்றாம் நாள் போய், "வாழ்வேன் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டபோது அது பொய்யில்லை.

4

கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்குச் சட்டத்தைவிடத் தீவு இந்திதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோர்ட் இந்தி வேறு. பெங்காலி, தெலுங்கு, மலையாளி எல்லாரும் பேசி இழைத்த இந்திக்குள் பழைய உருதுச் சொற்கள் கல்லாகக் கிடக்கும்.

ஒரு நாள் கோர்ட் பியூன் வீட்டுக்கு வந்து, "சோம்வார் கோ ஆப்கா பேஷி ஹை" என்றான். திங்கட்கிழமை எனக்குப் பேசி. அதாவது நான் பேச வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். கல்யாணத்திலிருந்து கருப்பட்டி மிட்டாய் வரை கோர்வையாக வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஜைனம்பு அக்கா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அந்த யானைக் கதையை மட்டும் குறைச்சுக்க" என்றார்.

திங்கட்கிழமை என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். ஜட்ஜ் காகிதத்தைப் பார்த்தார், சம்மன் போய்ச் சேர்ந்த தகவல் வரவில்லை என்றார், அடுத்த தேதி சொன்னார். அரை நிமிஷம். பேஷி என்றால் வாய்தா நாள் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்படி ஆறு பேஷி. சம்மன் கப்பலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயிலில் கோவில்பட்டி போய், அமீனா கையில் ஏறி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒரு தடவை கப்பல் பழுது. ஒரு தடவை புயல். ஒரு தடவை எல்லாம் சரியாக வந்தது, அவர் பெயர் மட்டும் சுந்தரபாண்டியன் என்று தப்பாக இருந்தது. கடைசியில் சம்மன் அவர் கைக்குப் போனது. அவர் வரவில்லை, பதிலும் போடவில்லை. நான் மட்டும் சாட்சி சொல்ல, உத்தரவு ஆனது. பேச நான் வைத்திருந்ததில் கால்வாசி கூடத் தேவைப்படவில்லை. யானைக்கு இடமே வரவில்லை.

இரண்டு வருஷம் ஓடிவிடும் என்று நிம்மதியாக வேலையைப் பார்த்தேன்.

5

நான்காம் மாசம் தந்தி வந்தது. தந்தி குமாஸ்தா கையோடு கொண்டுவந்து என் போர்டின் மேல் வைத்தார். "ஸ்டார்டிங் நெக்ஸ்ட் ஷிப். சௌந்தரம்."

டியூட்டி முடிந்ததும் வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அவர் படித்துவிட்டுத் தந்தியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பதினெட்டு வருஷமாகத் தொழில் பண்ணுகிறாராம். இப்படி ஓர் உத்தரவுக்கு ஒருவர் கீழ்ப்படிந்து அவர் பார்த்ததில்லையாம்.

"இப்ப நான் என்ன செய்யணும் சார்?"

"சத்தியம் செய்ததைச் செய்யணும். கூப்பிடணும். மனசார கூப்பிடணும். அவர் இருந்தால், கேஸ் முடிஞ்சது. குடும்பம் நடக்கட்டும்."

"இருக்கலன்னா?"

"அதை அவர் சொல்லணும். நீங்க சொல்லிக் கொடுக்கப் பாடில்லா."

கப்பல் வந்த அன்று கலாவுக்குப் புதுக் கவுன் போட்டு கப்பல் துறைக்குக் கூட்டிப் போனேன். அப்போது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அவர் நடைப்பலகையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஐந்து நாளும் வாந்தி என்று பிறகு சொன்னார். கலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து, "நமஸ்தே அங்கிள்" என்றாள்.

அவர் குனிந்து அவள் ஷூவின் பக்கிளைச் சரி செய்தார். வெகு நேரம் சரி செய்தார்.

நான் கூப்பிட்டேன். "வீட்டுக்கு வாங்க. ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன்." மனசாரத்தான் கூப்பிட்டேன்.

"முதல்ல தரை ஆடாம நிக்கட்டும் செண்பகம்" என்றார். "நான் சாயபு கடையில தங்கிக்கிடுதேன்."

ஜைனம்பு அக்காவின் வீட்டுக்காரருக்கு அபர்டீன் பஜாரில் துணிக்கடை. கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை ஒன்று உண்டு. அங்கே போய்ப் படுத்தார்.

6

திரும்புகிற கப்பல் பத்து நாளில் என்றார்கள். அது இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாளும் அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். திண்பண்டம் வாங்கி வருவார், கலாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், இருட்டுவதற்கு முன் போய்விடுவார். கலா சொல்கிற பாதி அவருக்குப் புரியாது. "அப்பா, மேரா பென்சில் கஹான் வச்சீங்க?" என்பாள், என் பென்சிலை எங்கே என்று. நான் நடுவில் நின்று ஆபரேட்டர் வேலை பார்ப்பேன். மூன்றாம் நாளே அங்கிள் போய் அப்பா ஆகியிருந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜைனம்பு அக்காவுக்கு என் கேஸ் பெரிய அதிசயம். "எங்காளுகள்ல ரெண்டு பக்கத்துப் பெரியாளுகளையும் உக்கார வச்சுப் பேசி, ஒட்டுமா ஒட்டாதான்னு பாத்துருவாக. உங்களுக்குக் கப்பல்ல ஆள் வரணுமாக்கும்" என்பார். சொல்லிவிட்டு அவருக்கும் சேர்த்து மீன் குழம்பு கொடுத்து அனுப்புவார்.

மூன்றாம் ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கலா ஜைனம்பு அக்கா வீட்டில் விளையாடப் போயிருந்தாள். தகரக் கூரை பேசவிடாமல் அடித்தது. கொஞ்சம் தணிந்ததும் நானே கேட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க. எதுக்கு வந்தீங்க?"

அவர் டம்ளரைச் சுற்றினார். "ஊர்ல மனு எழுதுதவர் ஒருத்தர் இருக்காரு. கோர்ட் ஆர்டரை மதிக்கலைன்னா சொத்தை ஜப்தி பண்ணிருவாகன்னு சொன்னாரு. ரெண்டு ஏக்கர்தான இருக்கு."

"அப்ப நெலத்துக்காகத்தான் வந்தீங்க."

"ஆமா." பிறகு, "கலாவைப் பாக்கணும்னும்தான்" என்றார்.

"என்னைய?"

"ஒன்னையப் பாக்கப் பயமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கல்யாணமாகி அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும், கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சரி, வந்தாச்சு. இருக்கீங்களா? மனசாரக் கேக்கேன். இருந்தீங்கன்னா இருக்கலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். "என்னால முடியாது செண்பகம். மூணு வாரமாப் படுத்தா கடல்ல மெதக்குத மாதிரியே இருக்கு. அங்க காலையில எந்திரிச்சு செடியைப் பாத்தாத்தான் நான் ஒரு ஆளு. நீ வாரியா?"

எக்ஸ்சேஞ்ச் போர்டில் மின்னுகிற சிறு விளக்குகளை நினைத்தேன். ஈர மண் வாசனையை நினைத்தேன். "மாட்டேன்" என்றேன்.

"கோவமா?"

"இல்ல. வருத்தமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றார்.

அவர் போன பிறகு அழுதேன். வெறுத்துப் பிரிவது சுலபம் என்று அன்றைக்குத் தோன்றியது. இவ்வளவு நல்லபடியாகப் பிரிய மனசுக்குப் பழக்கம் போதவில்லை. அழுது முடித்து முகம் கழுவியபோது தோள் இரண்டும் லேசாக இருந்தன.

கப்பல் ஏறும் முன் அவராகவே உட்கார்ந்து கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். உத்தரவு கிடைத்தது, போனேன், அவள் கூப்பிட்டாள், நான்தான் இருக்க மறுத்தேன் என்று நான்கு வரி. வக்கீல் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம், மாட்டிக்கொண்டு ஒரு தரம் படித்தார்.

7

உத்தரவு தேதியிலிருந்து இரண்டு வருஷம் முடிந்ததும் விவாகரத்து மனு. மறுபடி கப்பல், மறுபடி பேஷி. இந்தத் தடவை ஜட்ஜ் அந்தக் கடிதத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னைக் கேட்டார்: "நீங்கள் இருவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களா?"

வக்கீல் மேஜையைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சேர்ந்து பேசினோம் ஐயா. பொய் பேசலை. இருங்கன்னு நான் கேட்டது நெசம். முடியாதுன்னு அவரு சொன்னதும் நெசம்."

மொழிபெயர்ப்பாளர் அதை இந்தியில் சொல்ல இரண்டு தடவை தடுமாறினார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். அடுத்த பேஷியில் தீர்ப்பு வந்தது.

அதன் பிறகும் ஒரு வருஷம் இருவரும் மறுமணம் செய்யக் கூடாது என்பது அப்போதைய சட்டம். அப்பீல் போக நினைத்தால் கல்கத்தா. யாரும் போகவில்லை. ஒரு வருஷம் ஆகிவிட்டதா என்று கேட்டு அவரிடமிருந்து கூச்சத்தோடு ஒரு கார்டு வந்தது. தேதியைக் கணக்குப் பார்த்து நான்தான் பதில் எழுதினேன். பெண் எட்டயபுரம் பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. நல்ல மனுஷி என்று கேள்வி.

கலா தானும் வாழ்த்து எழுதுவேன் என்று அடம் பிடித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வரும். சொல் எந்த மொழியிலிருந்து வருகிறது என்பது அவளுக்கு முக்கியமில்லை. "அப்பா, உங்கள் சாதி நல்லபடி நடக்க வேண்டும். உங்கள் புதுச் சாதிக்கு என் வாழ்த்து" என்று எழுதி, நான் பார்க்கும் முன் தபாலில் போட்டுவிட்டாள். இந்தியில் ஷாதி என்றால் கல்யாணம் என்று அங்கே யாருக்குத் தெரியும்? அவர் வீட்டில் பெரியவர்கள் கூடி, பிள்ளையை அங்கே என்ன சொல்லி வளர்க்கிறார்கள் என்று இரண்டு நாள் பேசினார்களாம். மூன்றாம் நாள் அவருக்கே பொறி தட்டியிருக்கிறது. "கலாவின் கடிதத்தால் என் சாதிக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடி நடந்தது" என்று பதில் வந்தது. கலா அதில் என்ன வேடிக்கை என்று இன்றைக்கும் கேட்கிறாள். பதினாலு வயது. ஊருக்கும் அவளுக்கும் நடுவில் எத்தனை மைல் கடல் இருக்கிறது என்று அந்த மாதிரி நேரங்களில்தான் எனக்குத் தெரிகிறது.

8

கோமதிக்கு எழுதியதன் சாரம் இவ்வளவுதான். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஒரு வருஷம் தனித்தனியாக இருந்தவர்கள், இனி சேர்ந்து வாழ முடியாது என்று இருவரும் ஒத்துக்கொண்டால், சேர்ந்தே மனுக் கொடுக்கலாம். ஆறு மாசம் யோசிக்க விடுவார்கள். அதற்குப் பிறகும் இருவரும் அதையே சொன்னால் கோர்ட் விசாரித்துப் பிரித்துவிடும். குறுப்பு வக்கீல் இதைப் பஜாரில் வைத்து என்னிடம் சொன்னபோது, "நீங்க கொஞ்சம் முந்திப் பிறந்துபோச்சு" என்றார். கோமதி, உன் வீட்டுக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் சட்டத்தில் வேறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் எதுவானாலும் நல்ல வக்கீலைப் பார், பொய்யில் கையெழுத்துப் போடாதே. ஆறு மாசம் அவர்கள் யோசிக்கக் கொடுக்கிறார்கள் அல்லவா, அதில் நிஜமாகவே யோசி.

இன்னொன்றும் அவளுக்கு எழுதினேன். தீர்ப்பு கையில் வந்த பிறகுதான் ஆபீஸ்களில் வேலை ஆரம்பிக்கும். எனக்கு அது, ஆபீஸ் வீடு யார் யாருக்கு என்று எழுதி வைக்கிற குவார்ட்டர்ஸ் ரிஜிஸ்தரில் ஆரம்பித்தது.

ரிஜிஸ்தர் பார்த்தவர் தாஸ் பாபு என்கிற வயசான பெங்காலி குமாஸ்தா. பெங்காலி முறைப்படி தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவேன். என் பெயருக்கு எதிரே இன்னாரின் மனைவி என்று இருந்ததை மாற்ற வேண்டும் என்றேன்.

"பதி மர் கயா?" என்று கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் இறந்துவிட்டாரா?

"நஹீ தாதா. அச்சா ஹை. போன வாரம் சிட்டி வந்துச்சு" என்றேன். இல்லை, நன்றாக இருக்கிறார், கடிதம்கூட வந்தது என்று.

அவருக்கு விளங்கவில்லை. தீர்ப்பைக் காட்டினேன். படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆபீஸில் யாரும் அதற்கு முன் அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததில்லை. ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். அப்படியென்றால் இன்னாரின் மகள் என்று எழுதலாம் என்றார் ஒருவர். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார் என்றேன். அதனால் பரவாயில்லை, ஏதாவது ஒன்று வேண்டுமே என்றார் தாஸ் பாபு.

"வீடு யாருக்குக் கொடுத்தது தாதா?"

"ஆப்கோ." உங்களுக்குத்தான் என்று.

"அப்ப எம் பேரை மட்டும் எழுதுங்க."

அவர் ரிஜிஸ்தரை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி எழுதக் கூடாது என்று எங்கும் போடவில்லை. பழைய வரியை ரூல் தடி வைத்து நேராக அடித்தார். கீழே அழகான கையெழுத்தில் என் பெயரை எழுதி ஒற்றினார். பிறகு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பெயருக்குப் பிறகு கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"இத்னா ஜகா காலி ரஹ் கயா" என்றார் வருத்தமாக. இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே என்று.

"ரஹ்னே தோ தாதா" என்றேன். இருக்கட்டும்.